உப்புக்காற்றில் ஐந்து வருடம்: எதை வைத்துக்கொண்டேன், எதை விட்டேன்

2020 ஊரடங்கில் சென்னையிலிருந்து ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்துக்கு வந்தேன், அப்படியே ஊரில் தங்கிவிட்டேன். பகலில் வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. மீதி நேரத்தில், வேதாளைக்கும் பாம்பனுக்கும் இடையில் உள்ள சில நண்டு ஷெட்டுகளுக்கும் ஓர் ஐஸ் கம்பெனிக்கும் கணக்கு மென்பொருள் எழுதிப் பராமரிக்கிறேன். நண்டு வந்து இறங்கும். தரம் பிரிப்பார்கள், எடை போடுவார்கள், ஐஸ் செலவைக் கழிப்பார்கள், படகுக்காரருக்கு முன்பு கொடுத்த முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடிப்பார்கள், மிச்சத்துக்குச் சீட்டு கொடுப்பார்கள். மென்பொருள் செய்வது இவ்வளவுதான். ஆனால் சீட்டில் ஒரு எண் தப்பினால் அது ஒரு வீட்டின் அரிசிப் பணம். அதனால் கருவிகளைப் பற்றிக் கறாரான அபிப்பிராயங்கள் எனக்கு உண்டு. ஐந்து வருடம் பயன்படுத்திய பிறகு சொல்வதால், புதுசு என்ற மயக்கமும் கலையாத கோபமும் இதில் குறைவாகவே இருக்கும்.

முதலில் குபர்னெட்டிஸ், பல கணினிகளில் ஓடும் சேவைகளைச் சேர்த்து நிர்வகிக்கும் மென்பொருள். சென்னையில் எனக்குப் பழக்கமானது அதுதான். ஷெட்டிலும் அதன் சிறிய வடிவமான கே3எஸ்ஸை மூன்று சின்னக் கணினிகளில் நிறுவினேன். மூன்றில் குறைந்தது இரண்டு உயிரோடு இருந்தால்தான் அது புதிதாக எதையும் பதிய விடும். பெரும்பான்மை இல்லாமல் எழுதினால் தரவு இரண்டாகப் பிரிந்துவிடும் என்பதற்கான பாதுகாப்பு அது. வெவ்வேறு கட்டடங்களில், வெவ்வேறு மின்இணைப்புகளில் கணினிகள் இருந்தால் அருமையான ஏற்பாடு. என் மூன்றும் ஒரே மேசையில், ஒரே இன்வெர்ட்டரில் இருந்தன. ஒரு கார்த்திகை மாத இரவு மழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் இரண்டு கணினிகள் எழவில்லை. மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது, தரவும் பத்திரம், ஆனால் பதிய விடவில்லை. எடைத்தட்டில் நண்டு கிடக்கிறது. கணக்குப்பிள்ளை அண்ணன், "தம்பி, நோட்டுல எழுதிக்கிறேன், நீ காலையில பாத்துக்க" என்றார். காலையில் பார்த்தேன். அதோடு ஷெட்டுக்குள் குபர்னெட்டிஸ் கிடையாது. பகல் வேலையில் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன், அங்கே அது சரியான கருவி. நாற்பது சேவைகளைப் பத்துப் பேர் பார்த்துக்கொள்ளும் இடத்துக்காகச் செய்ததை, ஒரு சேவையை ஒருவன் பார்த்துக்கொள்ளும் இடத்தில் நான் வைத்ததுதான் பிழை.

அதன் இடத்துக்கு வந்தது எஸ்கியூலைட். 2000-லிருந்து இருக்கும் தரவுத்தளம், ஒரே ஒரு கோப்பு. எழுதுவதை முதலில் தனிப் பதிவேட்டில் போட்டுவிட்டு அப்புறம் மூலக்கோப்பில் சேர்க்கும் முறையில் அதை ஓட்டுகிறேன். கவனிக்க வேண்டியது ஒன்று: இந்த முறையில், எழுதியது வட்டில் இறங்கியதா என்று எவ்வளவு கறாராக உறுதிசெய்வது என்ற ஒத்திசைவு அளவை வேகத்துக்காக 'நார்மல்' என்று வைத்தால், கரண்ட் போகும்போது கோப்பு கெடாது, ஆனால் கடைசியாகப் போட்ட சில பதிவுகள் காணாமல் போகலாம். எங்களுக்கு அந்தக் கடைசிப் பதிவுதான் ஒருவரின் கூலி. அதனால் 'ஃபுல்'. கொஞ்சம் மெதுவாகும். எடைத்தட்டில் கூடை மாற்றும் நேரத்தை விட வேகமாக எங்களுக்கு எதுவும் தேவையில்லை. லைட்ஸ்ட்ரீம் என்ற கருவி அந்தக் கோப்பின் மாற்றங்களை வெளியே ஒரு சேமிப்பிடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நெட் இரண்டு மணி நேரம் இல்லாவிட்டாலும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து அனுப்பிவிடும். இந்த ஏற்பாட்டில் இதுவரை ஒரு சீட்டைக்கூட இழந்ததில்லை.

அடுத்தது நேரம். இதை எந்தப் பாடமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஷெட்டில் வைத்த ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. ஓடும்போது அவ்வப்போது நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும், அணைந்து எழும்போது அந்தக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும், அப்புறம் இணையத்தில் கேட்டுச் சரிசெய்யும். கரண்டும் நெட்டும் சேர்ந்து போனால்? அதிகாலை நாலரைக்குக் கரண்ட் வந்தது, நெட் வரவில்லை. கணினி இரவு பதினொன்றில் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் போட்ட சீட்டெல்லாம் முதல் நாள் தேதியில் விழுந்தன. முதல் நாள் விலை வேறு. ஒரு அக்கா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நேத்து நாங்க கடலுக்கே போகலையே" என்று வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. சின்னக் கடிகாரச் சில்லு ஒன்றை, நாணயம் அளவு பேட்டரியோடு சேர்த்துப் பொருத்தியதும் தீர்ந்தது. இப்போது இன்னொரு விதியும் வைத்திருக்கிறேன்: கடைசிச் சீட்டை விடப் பின்னால் போகும் நேரத்தை மென்பொருள் ஏற்றுக்கொள்ளாது, நிறுத்திவிட்டுக் கேட்கும்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் பக்கத்து ஜன்னல் வழியாகவும், வாடை வந்தால் வடகடல் பக்கத்திலிருந்தும் உள்ளே வரும். மின்விசிறி வைத்த சின்னக் கணினி ஒன்றை எட்டு மாதம் கழித்துத் திறந்தேன். விசிறி இதழ்களில் கருவாட்டின் மேல் பூத்திருப்பது போல் வெள்ளைப் பூச்சு, நெட் ஒயர் சொருகும் வாயில் பச்சைக் களிம்பு. அன்றிலிருந்து விசிறி இல்லாத, மூடிய உலோகப் பெட்டிதான் வாங்குகிறேன். மெமரி கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி. கடலோரத்தில் இருக்கிறவர்கள் விவரப் பட்டியலில் செயலியின் வேகத்தைப் பார்க்கும் முன் காற்று போகும் துளைகளைப் பாருங்கள்.

மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்து ஒரே பொதியாகக் கட்டும் டாக்கரை, இணையத்தில் உள்ள மேகச் சர்வரில் மட்டும் வைத்திருக்கிறேன். ஷெட்டுகளுக்குப் போவது கோ மொழியில் எழுதிய ஒற்றைக் கோப்பு, பதினெட்டு எம்பி. முன்பு டாக்கரில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும். பாம்பன் பக்கம் மழை நாளில் அந்த இறக்கம் பாதியில் நின்று நின்று எழுந்ததைப் பார்த்தவனுக்கு இந்தப் பதினெட்டின் அருமை தெரியும். வெளியிலிருந்து ஷெட் கணினிக்குள் நுழைய வயர்கார்ட் என்ற பாதுகாப்பான தனிவழி. மொபைல் நெட்டில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால் வெளியிலிருந்து நேராகக் கூப்பிட முடியாது. அதனால் ஷெட் கணினியே உள்ளேயிருந்து மேகச் சர்வரைக் கூப்பிட்டு, இருபத்தைந்து நொடிக்கு ஒருமுறை சின்ன பாக்கெட் அனுப்பி வழியைத் திறந்தே வைத்திருக்கும். 2020-இல் வயர்கார்ட் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. அமைத்த நாளிலிருந்து அதைப் பற்றி நினைக்கவே இல்லை, ஒரு கருவிக்கு நான் தரும் உச்சப் பாராட்டு அது.

மேகத்தில் எல்லா ஷெட்டின் கணக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேர்கிறது. ஒரு பெரிய பதிப்புக்கு ஐந்து வருடம் திருத்தம் தருகிறார்கள், அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். பெரிய மேம்படுத்தல்களையெல்லாம் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் செய்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகாது. நாட்டுப்படகு நண்டு மட்டும் வரும், ஷெட்டில் பாதிக் கூட்டம். வலை பின்னுகிறவர்கள் வலை பின்ன, படகுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் அடிக்க, நான் தரவுத்தளப் பதிப்பை மாற்றுகிறேன், காப்புப் பிரதியிலிருந்து முழுக் கணக்கையும் புதிய கணினியில் எழுப்பிப் பார்க்கிறேன். எழுப்பிப் பார்க்காத காப்புப் பிரதியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்டில், மேகச் சர்வர்களை நிரல் எழுதி அமைக்கும் டெராஃபார்மின் உரிமம் திறமூலத்திலிருந்து கட்டுப்பாடு உள்ளதாக மாறியது, ஓப்பன்டோஃபு பிரிந்து வந்தது. 2024 மார்ச்சில், தரவை நினைவகத்தில் வைத்து வேகமாகத் தரும் ரெடிஸ்ஸின் உரிமமும் அப்படியே மாறியது, வால்கீ பிரிந்து வந்தது. நான் இரண்டிலும் பிரிந்து வந்த பக்கம் போனேன், இரண்டுமே ஒரு மாலை நேர வேலைதான். ரெடிஸ் அடுத்த வருடமே திறமூல உரிமம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டது, ஆனாலும் திரும்பிப் போகவில்லை. ஒருவனாகப் பராமரிக்கும்போது, நாளைக்கு விதி மாறுமோ என்ற யோசனைக்கு மனதில் இடம் கொடுக்க முடியாது.

இனி ஏஐ மாடல்கள். சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்ததிலிருந்து பயன்படுத்துகிறேன். அதோடு கிளாட், ஜெமினி என மாற்றி மாற்றிப் பணம் கட்டியிருக்கிறேன். எது உசத்தி என்று நான் இன்று சொன்னால் ஆறு மாதத்தில் பழசாகிவிடும். அதனால் இத்தனை மாடல் மாறியும் மாறாததை மட்டும் சொல்கிறேன்.

பிழைப்பதிவுகளை வாசிக்க, பிறர் எழுதிய நிரலைப் புரிந்துகொள்ள, மெதுவாக ஓடும் தரவுத்தள வினவலுக்கு எங்கே இன்டெக்ஸ் இல்லை என்று காட்ட, கணினிகளைத் தானாக அமைக்கும் ஆன்சிபிள் கோப்பு எழுத — இதற்கெல்லாம் இவை இல்லாமல் வேலை செய்வதை இப்போது நினைக்க முடியவில்லை. இரவு இரண்டு மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே யோசிக்க ஊரில் எனக்கு வேறு ஆள் இல்லை. இதை மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் ஒரு சம்பவம். ஐஸ் செலவைக் கழித்த பிறகு வரும் தொகையில் கால் பங்குக்கு மேல் முன்பணம் பிடிக்கக் கூடாது என்பது எங்கள் ஷெட்டுகளின் வழக்கம். இதற்கு ஒரு சோதனை, அதாவது விடை சரியா என்று தானாகப் பார்க்கும் சின்ன நிரல், எழுதி வைத்திருந்தேன்: 18.400 கிலோ, கிலோ 420 ரூபாய், ஆக 7,728. ஐஸ் 180 போக 7,548. அதில் கால் பங்கு 1,887. கைக்கு வர வேண்டியது 5,661. நிரலை ஒழுங்குபடுத்தித் தரச் சொல்லி ஒரு மாடலிடம் கொடுத்தேன். எல்லாச் சோதனையும் வெற்றி என்றது. பதிவேற்றும் முன் மாற்றங்களை வரிவரியாகப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு, அது காப்பாற்றியது. சோதனைக் கோப்பில் 5,661 என்பது 5,616 ஆகியிருந்தது. ஐஸைக் கழிக்கும் முன்பே கால் பங்கைப் பிடித்துவிட்டு, தன் விடைக்கு ஏற்றபடி சோதனையையும் திருத்தியிருந்தது. சீட்டுக்கு 45 ரூபாய். இலக்கங்கள் இடம் மாறியது போலத்தான் தெரியும், வேகமாகப் பார்த்தால் கண்ணில் படாது. இப்போது சோதனைக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை மாடல் வாசிக்கலாம், எழுத முடியாது. கணக்குப்பிள்ளை அண்ணன் பழைய நோட்டுகளிலிருந்து எடுத்துக் கொடுத்த உண்மையான சீட்டுகள்தான் அதில் சோதனைகளாக இருக்கின்றன.

இன்னொன்று மீன் பெயர். ஐஸ் கம்பெனிக்கு ஆங்கிலத்திலும் பில் வேண்டும். 'சீலா' என்பதை மாடல் பாரகுடா என்று மொழிபெயர்த்தது. நம் பக்கம் சீலா என்றால் வஞ்சிரம். சென்னைப் பக்கம் ஷீலா என்றால்தான் பாரகுடா. மாடல் கற்பனை செய்யவில்லை, வேறு ஊர்த் தமிழைச் சொன்னது. ஆனால் பில்லில் விலையே வேறாகிவிடும். எங்கள் கரைப் பெயர்களுக்கு ஒரு அட்டவணை போட்டேன், பெயர் மாற்றுவது அந்த அட்டவணை மட்டுமே. மாடலிடம் அதைக் கேட்பதே இல்லை.

தமிழுக்கு ஆகும் செலவு குறைந்திருக்கிறது. மாடல்கள் எழுத்தைத் துண்டுகளாக உடைத்து எண்ணித்தான் பணம் வாங்கும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ அறிமுகத்தில், ஒரே தமிழ்ப் பத்திக்கு 116 துண்டுகள் ஆனது 35 ஆகக் குறைந்ததாகக் காட்டினார்கள். அந்த மாற்றத்துக்குப் பிறகுதான் வாடிக்கையாளர்களின் தமிழ்ச் செய்திகளைத் தானாக வகைப்படுத்தும் வேலையை நான் துணிந்து வைத்தேன். பெயரும் போன் எண்ணும் வெளியே போகும் முன் மறைக்கப்படும். நெட் இல்லாதபோது அதே வேலையை மாடல்களைச் சொந்தக் கணினியில் ஓட்டும் லாமா.சிபிபி மூலம் ஒரு சின்ன ஜெம்மா மாடல் என் வீட்டுக் கணினியிலேயே செய்கிறது, மெதுவாக, ஆனால் தமிழ் அதற்கு நன்றாக வருகிறது.

இப்போது ஈடுபட்டிருப்பது குரல் பதிவில். எடை போடும் அக்காவுக்குக் கை முழுக்க ஈரம், தொடுதிரை கேட்காது. அதனால் விஸ்பரை வைத்துப் பேச்சை எழுத்தாக்குகிறேன். தெரியாத பெயர்களை அதற்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கலாம், ஆனால் 224 துண்டுகளுக்குள் அடங்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் அதில் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன. எல்லா நண்டுத் தரங்களும் படகுப் பெயர்களும் கொள்ளவில்லை, அன்றைக்குக் கடலுக்குப் போன படகுகளின் பெயரை மட்டும் கொடுக்கிறேன். எண்களில் 'எண்ணூத்தம்பது' அடிக்கடி வேறாகக் கேட்டது. அக்காவிடம் காட்டியபோது சொன்னார், "நான் சொன்னத அது திருப்பிச் சொல்லட்டும், சரின்னா அப்புறம் எழுதட்டும்."

அப்படியே வைத்துவிட்டேன். எண்களை அவரையே பேச வைத்துப் பதிந்து, அந்த ஒலித்துண்டுகளைக் கோத்து மென்பொருள் திருப்பிச் சொல்கிறது. எடைத்தட்டுக்குப் பக்கத்தில் பெரிய பச்சைப் பொத்தான் ஒன்று, ரப்பர் உறை போட்டது. முழங்கையால் அதை அழுத்தினால்தான் பதிவாகும்.