சைகோன் போர் எச்சங்கள் அருங்காட்சியகம்: அரை நாள் ஒதுக்கிவிட்டுப் போங்கள்

ஹோ சி மின் நகரம் போகிற நம்ம ஊர்க்காரர்கள் (உள்ளூரில் இன்னும் சைகோன் என்றுதான் பேச்சு, நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்) பலருக்கு வியட்நாம் போரைப் பற்றிய இந்த அருங்காட்சியகம் ஹெலிகாப்டரும் டாங்கியும் நிற்கிற இடம், அவ்வளவுதான். முற்றத்தில் ஹியூய் ஹெலிகாப்டர் முன்னால் ஒரு செல்ஃபி, எம்48 டாங்கி முன்னால் இன்னொன்று, அதற்குள் பேக்கேஜ் டூர் வேன் ஹாரன் அடிக்கும். என்னைக் கூட்டிக்கொண்டு போன டூர்காரரும் (பெயர் வேண்டாம்) ஒரு மணி நேரம்கூடத் தரவில்லை, அதிலும் பாதி கழிப்பறை வரிசையில் போயிற்று. மறுநாள் தனியாகப் போய் நிதானமாகப் பார்த்தேன். இதற்கு அரை நாள் வேண்டும்.

முதலில் காசு, நேரம். வோ வான் தான் தெருவில் இருக்கிறது. நான் போனபோது டிக்கெட் 40,000 டாங், நம்ம கணக்கில் 150 ரூபாய்க்குள். காலை 7.30க்குத் திறந்துவிடுகிறார்கள், அந்த நேரத்துக்கே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வந்து இறங்கும். உள்ளே நுழைந்ததும் நேராக மேல் மாடிக்கு ஏறிவிட்டு அங்கிருந்து இறங்கி வருவதுதான் சரி. முற்றம் கடைசியில். போர் ஏன் நடந்தது என்பது மேலே இருக்கிறது, என்ன ஆயிற்று என்பது அதற்குக் கீழே. தலைகீழாகப் பார்த்தால் வெறும் அதிர்ச்சிப் படங்களைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி ஆகிவிடும்.

மேல் தளத்தில் 'வரலாற்று உண்மைகள்' என்று ஒரு பகுதி. பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் தியன் பியன் பூவில் தோற்றது, அதற்கு முன்பே அந்தப் போரின் செலவில் பெரும்பங்கை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது, பிறகு தானே நேரடியாக இறங்கியது என்று படங்களும் ஆவணங்களுமாக ஓடுகிறது. படிக்கப் பொறுமை வேண்டும், விளக்க அட்டைகளின் நடையும் அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி. அதனால் போவதற்கு முன் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். குறைந்தபட்சம் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்பேன்.

ஒன்று, டோங்கின் வளைகுடா. 1964 ஆகஸ்ட் 2-ல் வட வியட்நாம் படகுகள் ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலைத் தாக்கியது உண்மை. ஆகஸ்ட் 4-ல் இரண்டாவது தாக்குதல் என்று சொன்னது நடக்கவே இல்லை. ஆனால் அதைச் சொல்லித்தான் அமெரிக்க அதிபர் ஜான்சன் நாடாளுமன்றத்தில் தீர்மானம் வாங்கினார், கீழவையில் 416-க்குப் பூஜ்யம், செனட்டில் 88-க்கு 2. எதிர்த்து வாக்களித்த அந்த இரண்டு பேர், வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங், இரண்டு பேருமே 1968-ல் பதவியை இழந்தார்கள். இல்லாத ஒரு தாக்குதலை வைத்து ஒரு நாட்டின் மேல் குண்டு போட தொகை எழுதாத காசோலை மாதிரி ஓர் அதிகாரம் கொடுத்த சபையில், கேள்வி கேட்ட ரெண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள், மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாவது, பென்டகன் ஆவணங்கள். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாராவே 1967-ல் ரகசியமாகத் தயாரிக்கச் சொன்ன ஆய்வு, சுமார் 7,000 பக்கம். அதில் 1965 மார்ச்சில் மக்னமாராவின் உதவியாளர் ஜான் மக்நாட்டன் எழுதிய ஒரு குறிப்பு வருகிறது. போரின் நோக்கத்தை மனுஷன் சதவீதம் போட்டுப் பிரித்திருக்கிறார். அவமானகரமான தோல்வியைத் தவிர்ப்பது 70, அந்த நிலப்பகுதி சீனாவின் கைக்குப் போகாமல் பார்ப்பது 20, தென் வியட்நாம் மக்கள் நல்லபடியாக, சுதந்திரமாக வாழ்வது 10. வெளியே மேடையில் பேசியதெல்லாம் அந்தப் பத்தைப் பற்றித்தான். இதைத் தெரிந்துகொண்டு அடுத்த தளத்துக்கு இறங்கினால் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் அந்த 70 வந்து நிற்கும்.

மேல் தளத்திலேயே இன்னொரு பகுதி, போரில் செத்துப்போன புகைப்படக்காரர்களுக்கானது. இரண்டு தரப்பிலும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். 1954-ல் கண்ணிவெடியில் இறந்த ராபர்ட் கப்பா, 1971-ல் லாவோஸில் ஹெலிகாப்டர் சுடப்பட்டு இறந்த லாரி பரோஸ், பெயரே நமக்குத் தெரியாத வட வியட்நாம் படக்காரர்கள், எல்லோரும் ஒரே சுவரில். கட்டடத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான், பிரசாரக் குரல் இங்கே அடங்கிவிடுகிறது.

மேல் தளத்துக்கு அடுத்து இறங்குகிற தளம் கடினம். மை லாய் கிராமப் படுகொலை, ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லி இரண்டும் இங்கேதான். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் ஏஜென்ட் ஆரஞ்சு அறையைத் தவிர்த்துவிடலாம், பெரியவர்கள் தவிர்க்கக் கூடாது. 1961-லிருந்து 1971 வரை 7 கோடி லிட்டருக்கும் மேலான களைக்கொல்லி மருந்து காடுகள் மேலும் வயல்கள் மேலும் வானத்திலிருந்து கொட்டப்பட்டது, அதில் கலந்திருந்த டைஆக்சின் என்ற நச்சு இன்னும் மண்ணில் இருக்கிறது. அந்த அறையிலிருந்து வெளியே வந்து கொஞ்ச நேரம் தாழ்வாரத்தில் நின்றேன். என் பக்கத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கேட்கத் தோன்றவில்லை.

மை லாய்ப் படங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1968 மார்ச் 16-ல் அமெரிக்கச் சிப்பாய்கள் அந்தக் கிராமத்தில் நடத்திய படுகொலை. செத்தவர்கள் வியட்நாம் கணக்கில் 504, அமெரிக்க ராணுவக் கணக்கில் 347. அந்த வண்ணப் படங்களை எடுத்தவர் ராணுவத்தின் சொந்தப் புகைப்படக்காரர் ரொனால்ட் ஹேபர்லி. ராணுவம் கொடுத்த கேமராவில் கறுப்பு வெள்ளை, தன் சொந்தக் கேமராவில் வண்ணம். சொந்தக் கேமராவில் எடுத்ததை ஒப்படைக்காமல் வைத்துக்கொண்டதால்தான் இன்றைக்கு நாம் பார்க்கிறோம். ராணுவம் அதை ஒரு வெற்றிகரமான தாக்குதல் என்று அறிவித்து மூடிவிட்டது. ரான் ரைடனவர் என்ற ஒரு முன்னாள் சிப்பாய் 1969-ல் எம்பிக்களுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார், பத்திரிகையாளர் சீமோர் ஹெர்ஷ் தோண்டி எழுதினார், அப்புறம்தான் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது. கொலைக்கு நடுவில் ஹெலிகாப்டரை இறக்கி, சொந்தப் படையை நோக்கியே துப்பாக்கியைத் திருப்பச் சொல்லிக் கொஞ்சம் பேரைக் காப்பாற்றிய ஹியூ தாம்சனுக்கு நாடாளுமன்றத்தில் கிடைத்தது பாராட்டு இல்லை. தண்டிக்க வேண்டுமென்றால் இவரைத்தான் தண்டிக்க வேண்டும் என்றார் ராணுவக் குழுவின் தலைவராக இருந்த எம்பி. தாம்சனுக்கு ஒழுங்கான பதக்கம் கிடைத்தது 1998-ல். இந்தப் படுகொலைக்காக ஆயுள் தண்டனை வாங்கிய லெப்டினன்ட் கேலி மூன்று, மூன்றரை வருஷம் பெரும்பாலும் வீட்டுக்காவலில் இருந்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

இங்கேதான் இந்த இடத்தின் பலம் எனக்குப் பிடிபட்டது. சுவரில் தொங்குகிற சாட்சியங்களில் பெரும்பகுதி அமெரிக்க அரசு சொல்லாதே, காட்டாதே என்று தடுத்ததை மீறி அமெரிக்கர்களே வெளியே கொண்டுவந்தது. முற்றத்துப் பக்கம் மாதிரியாகக் கட்டி வைத்திருக்கிற, 'புலிக்கூண்டு' என்று சொல்கிற சிறை அறையும் அப்படித்தான். கோன் சோன் தீவுச் சிறையில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது, பிறகு தென் வியட்நாமை ஆண்ட சைகோன் அரசு தன்னை எதிர்த்த மாணவர்களையும் பௌத்தர்களையும் அடைக்கப் பயன்படுத்தியது. மேலே கம்பி வழியாகச் சுண்ணாம்பைக் கொட்டுவார்கள். அப்படி ஒன்று இருப்பதை 1970-ல் டான் லூஸ் என்ற அமெரிக்கர் இரண்டு எம்பிக்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், கூட வந்த எம்பி உதவியாளர் டாம் ஹார்கின் படம் எடுத்து வெளியிட்டார். அடுத்த வருஷமே லூஸை சைகோன் அரசு நாட்டை விட்டு அனுப்பிவிட்டது. அந்த அரசுக்குச் சம்பளமும் ஆயுதமும் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

தரைத்தளத்தில் உலகம் முழுக்க நடந்த போர் எதிர்ப்புக்கான கூடம். போஸ்டர்கள், ஊர்வலப் படங்கள், பார்க்க உற்சாகமாக இருக்கிறது. (அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிற ஹாரிங்டன் தெருவுக்கே ஹோ சி மின் பெயரை வைத்த கல்கத்தாக்காரர்களின் குசும்பு ஞாபகம் வந்தது.) ஆனால் ஊர்வலம் போனவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பது இந்தப் படங்களில் தெரியாது, அதையும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். ராணுவத்தில் சேர மறுத்த முகமது அலிக்கு ஐந்து வருஷத் தண்டனை, பட்டம் பறிப்பு, மூன்று வருஷத்துக்கு மேல் குத்துச்சண்டை இல்லை. 1971-ல்தான் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ராணுவ அழைப்பு அட்டையைக் கொளுத்தினால் சிறை என்று 1965-ல் தனிச் சட்டமே போட்டார்கள். கம்போடியா மேல் 1969 மார்ச்சிலிருந்து ரகசியமாகக் குண்டு போட்டார்கள். யாருக்கு ரகசியம்? குண்டு விழுந்தவனுக்கா? அமெரிக்க வாக்காளருக்குத்தான் ரகசியம். செய்தித்தாளில் வந்ததும் அதிபர் நிக்சனும் அவருடைய ஆலோசகர் கிஸிங்கரும் செய்தது சொந்த அதிகாரிகள், பத்திரிகையாளர்கள் போன்களை ஒட்டுக்கேட்டது. 1970 மே 4-ல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல்படை சுட்டு நான்கு மாணவர்கள் செத்தார்கள். பென்டகன் ஆவணங்களை வெளியே கொடுத்த டேனியல் எல்ஸ்பெர்க் மேல் 115 வருஷம் உள்ளே தள்ளுகிற அளவுக்கு வழக்குப் போட்டார்கள், அவரைக் கெட்டவர் என்று காட்ட அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தில் வெள்ளை மாளிகை ஆட்களே பூட்டை உடைத்துப் புகுந்தார்கள். அந்தத் திருட்டு வெளியே வந்ததால்தான் 1973-ல் வழக்கு தள்ளுபடி ஆயிற்று.

சரி, இவ்வளவு பாராட்டி எழுதிவிட்டு ஏன் முழு மதிப்பெண் தரவில்லை? இந்த அருங்காட்சியகத்தை நடத்துவதும் ஓர் அரசு என்பதால். 1975-ல் திறந்தபோது இதன் பெயரிலேயே அமெரிக்கா, பொம்மை அரசு, குற்றங்கள் எல்லாம் இருந்தது. 1990-ல் அமெரிக்கா என்ற பெயர் போயிற்று, 1995-ல் அமெரிக்காவோடு தூதரக உறவு வந்ததும் குற்றமும் போய் வெறும் எச்சங்கள் ஆயிற்று. வெளியுறவுக் கொள்கை மாற மாற போர்டும் மாறியிருக்கிறது, அதில் தப்பொன்றுமில்லை. ஆனால் 1968-ல் ஹுவே நகரத்தைப் பிடித்தபோது கம்யூனிஸ்ட் படைகள் கொன்ற பொதுமக்கள், 1975-க்குப் பிறகு விசாரணையே இல்லாமல் வருஷக்கணக்கில் மறுகல்வி முகாம்களில் கிடந்தவர்கள், படகேறி ஓடிக் கடலில் செத்தவர்கள், இவர்களுக்கு இந்தக் கட்டடத்தில் ஒரு சுவர் இல்லை. அமெரிக்க அரசை எதிர்த்த அமெரிக்கப் பத்திரிகையாளனுக்கு மரியாதை செய்கிற அதே நாட்டில், அரசை எதிர்த்து எழுதிய பாம் டோன் சாங் என்ற பத்திரிகையாளருக்கு 2021 டிசம்பரில் 9 வருஷம் சிறை. குற்றம், அரசுக்கு எதிரான பிரசாரம். இதைச் சொன்னதும் ஒருத்தர் என்னிடம் "அப்போ ரெண்டு பேரும் ஒண்ணுதானே" என்றார். இல்லை. பல பத்து லட்சம் டன் குண்டு போட்டதும் ஒருவரைச் சிறையில் வைத்ததும் ஒரே அளவு இல்லை, அப்படி யாரும் சமன் பண்ணிவிடக் கூடாது. ஆனால் எதிர்ப்புக் குரலை அடுத்தவன் வீட்டில் மட்டும் ரசிப்பது எந்த அரசுக்கும் சுலபம் என்பதை நினைத்துக்கொண்டே பார்க்க வேண்டியிருக்கிறது.

5-க்கு 4 தருகிறேன். குறைத்த அந்த ஒரு மதிப்பெண், அங்கே இல்லாத அந்தச் சுவருக்காக.

வெளியே வந்ததும் உடனே சாப்பிடத் தோன்றாது, நடங்கள். நுயென் தின் சியூ தெருவும் காச் மாங் தாங் தாம் தெருவும் சந்திக்கிற முனை பக்கம்தான், 1963 ஜூன் 11-ல் அப்போதைய தென் வியட்நாம் அதிபர் தியெம் அரசின் பௌத்த ஒடுக்குமுறையை எதிர்த்து துறவி திச் குவாங் டுக் தீக்குளித்த இடம், நினைவிடம் கட்டியிருக்கிறார்கள், டிக்கெட் இல்லை. அங்கிருந்து திரும்பி ட்ரூங் தின் தெருவுக்கு வந்தால் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில், உள்ளூர் வியட்நாம்காரர்கள் ஊதுபத்தியோடு வரிசையில் நிற்பார்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் 'சாய்' என்று போர்டு இருக்கிற கடையாகத் தேடுங்கள், மீன் சாறு தொல்லை இருக்காது. போரில் கெரில்லாக்கள் பதுங்கிய கூச்சி சுரங்கத்தை மட்டும் இதே நாளில் வைக்காதீர்கள். டூர்காரர்கள் இரண்டையும் ஒன்றாகத்தான் விற்பார்கள், பிரித்துக் கேட்டால் தனித்தனியாகவும் ஏற்பாடு பண்ணித் தருவார்கள், விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை.