இருபதாயிரம் டாலரைவிடப் பெரிய ஆயிரம் டாலர்

செப்டம்பர் பிறந்துவிட்டால், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோரிடம் ஒரே பேச்சுதான். எந்தக் கல்லூரி, எவ்வளவு ஸ்காலர்ஷிப்? டல்லஸ் பக்கத்தில் பத்து ஆண்டுகளாக நானும் அந்தப் பேச்சில் இருக்கிறேன். பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண், நான்கு வாரம் உட்கார்ந்து கட்டுரைகள், ஆசிரியர் பரிந்துரைகள் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். "ஆன்ட்டி, இதுல எச்-4ன்னு ஒரு கட்டமே இல்லையே" என்றாள். எச்-4 என்பது வேலை விசாவில் வந்தவரின் பிள்ளைகளுக்குத் தரும் விசா. இவள் ஐந்து வயதில் கோயம்புத்தூரிலிருந்து வந்தவள். இங்கேயே எழுதப் படிக்கக் கற்றவள். குடியுரிமை, கிரீன் கார்டு, அகதி நிலை என்று மூன்று கட்டங்கள் இருந்தன, அவளுடையது இல்லை. அன்றிலிருந்து எந்த உதவித்தொகையையும் நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கிறேன்.

அப்படிப் படித்தால் தொகை முக்கியமாகத் தெரியாது. இரண்டு கேள்விகள்தான் தெரியும். இது எந்தக் காகிதத்தைக் கேட்கிறது? எந்த நாளில், யார் கையால் நின்றுபோகும்? அமெரிக்காவில் புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு இருக்கும் வழிகளை இந்த இரண்டையும் வைத்தே ஒப்பிடுகிறேன்.

பெயர் பெற்றவை

கோகோ கோலா ஸ்காலர்ஸ் ஆண்டுதோறும் 150 பேருக்கு ஆளுக்கு 20,000 டாலர் தருகிறது. கேட்ஸ் ஸ்காலர்ஷிப் சில நூறு பேருக்கு, மற்ற உதவிகள் போக மீதமிருக்கும் படிப்புச் செலவு முழுவதையும் ஏற்கிறது. முதலாவதில் கிரீன் கார்டு உள்ளவர்களும் அகதி நிலை பெற்றவர்களும் போட்டியிடலாம், எச்-4 பிள்ளைகளுக்கு இடமில்லை. கேட்ஸ் இன்னும் குறுகலானது: குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும், குடும்ப வருமானமும் குறைவாக இருக்க வேண்டும். பிஎஸ்ஏடி தேர்வில் நம் பிள்ளைகள் மதிப்பெண்ணைக் குவிக்கிறார்கள், ஆனால் அதை நம்பியிருக்கும் நேஷனல் மெரிட் உதவித்தொகையும் கிரீன் கார்டைக் கேட்கிறது. குறைந்தது அதற்கு மனுவாவது போட்டிருக்க வேண்டும். இந்த விவரத்தைப் பதினோராம் வகுப்பிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தெரியவந்தால் மனசு உடைந்துபோகும்.

இவற்றுக்கு எதிரே இரண்டைச் சொல்லலாம். ரீஜெனரான் அறிவியல் போட்டிக்குக் குடியுரிமை தேவையில்லை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் கடைசி ஆண்டு படித்தால் போதும். முதற்பரிசு இரண்டரை லட்சம் டாலர். ஆனால் இறுதிச் சுற்றுக்கு நாடு முழுவதிலுமிருந்து 40 பேர்தான் போவார்கள், அதற்கான ஆய்வையும் வெகு முன்பே தொடங்குவது நல்லது. அடுத்தது குவெஸ்ட்பிரிட்ஜ். இங்கே பள்ளி படிக்கும் எந்த நாட்டுப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் நான்கு ஆண்டுப் படிப்பும் முழுவதும் இலவசம். ஆனால் நான்கு பேர் குடும்பத்தின் ஆண்டு வருமானம் பொதுவாக 65,000 டாலருக்குள் இருக்க வேண்டும் என்பதால் ஐ.டி. வேலையில் இருக்கும் வீடுகளுக்கு இது பொருந்தாது. உணவகச் சமையலறையில் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு, பெட்ரோல் பங்கில் இரவுப் பணியில் இருப்பவரின் மகளுக்கு, இதைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியாது. சில பங்காளிக் கல்லூரிகள் மட்டும் குடியுரிமை விதி வைத்திருக்கின்றன, பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

அரசின் பணம்: ஒரே வீட்டில் இரு கதை

மத்திய அரசின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவம், திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிராண்ட், மத்திய அரசுக் கடன் எல்லாம் குடிமக்களுக்கும் "தகுதியுள்ள குடியுரிமையற்றோர்" என்ற பட்டியலில் இருப்போருக்கும்தான். பெல் ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர். கிரீன் கார்டு உள்ளவர்களும், அகதி அல்லது தஞ்சம் உறுதியானவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. எச்-4 இல்லை, மாணவர் விசாவான எஃப்-1உம் இல்லை. தஞ்சம் கேட்டு மனு நிலுவையில் இருப்பவர்களும் இல்லை.

இந்தக் கடைசி வரி ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு மிகவும் வலிக்கும். மனு நிலுவையில் இருக்கும்போது கல்லூரி சேர்ந்த அண்ணனுக்கு ஒரு காசும் இல்லை. சாதகமான தீர்ப்பு வந்த பிறகு சேர்ந்த தங்கைக்குப் பெல் முழுவதும் கிடைக்கலாம். அப்படி நிலுவையில் இருக்கும் பிள்ளை கம்யூனிட்டி காலேஜில் தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். முதல் இரண்டு ஆண்டை அங்கே குறைந்த செலவில் முடித்துவிட்டால், தீர்ப்பு வரும்போது மீதி இரண்டு ஆண்டுக்குப் பெல் காத்திருக்கும்.

எச்-4இல் இருப்பதா, எஃப்-1க்கு மாறுவதா?

நம் வீடுகளில் உண்மையான போட்டி இதுதான். உதவித்தொகைப் பட்டியல்களில் இது வரவே வராது. ஆனால் எந்த உதவித்தொகையையும்விட இதில்தான் அதிகப் பணம் இருக்கிறது.

இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இபி-2 எனும் வேலைவழி கிரீன் கார்டு வரிசை பத்து ஆண்டுகளுக்கு மேல் பின்தங்கி நகர்கிறது. அதற்குள் பிள்ளைக்கு 21 வயதானால் எச்-4 முடிந்தது. பெற்றோரின் மனுவிலிருந்தும் கழன்றுவிடும். 2002இல் இயற்றப்பட்ட 'பிள்ளை நிலைப் பாதுகாப்புச் சட்டம்' வயதைக் கொஞ்சம் கழிக்க விடுகிறது. ஆனால் அது கழிப்பது முதலாளியின் மனு பரிசீலனையில் இருந்த நாட்களைத்தான், வரிசையில் காத்துக்கிடந்த ஆண்டுகளை அல்ல. சிறுவயதில் வந்து ஆவணமில்லாமல் இருப்போரை நாடுகடத்தாமல் வேலை பார்க்க விடும் டாகா திட்டம் 2012இல் வந்தது, அதுவும் இவர்களுக்கு இல்லை, ஏனென்றால் அன்றைக்கு அவர்கள் சட்டப்படி இங்கே இருந்தார்கள். ஒழுங்காக வந்து ஒழுங்காக இருந்ததே தடையாகிப் போனது என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

எச்-4இல் இருக்கும்வரை டெக்ஸஸில் குடியிருப்புத் தகுதி பெறலாம், மாநில மாணவருக்கான கட்டணம் கட்டலாம். ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் அது 11 முதல் 13 ஆயிரம் டாலர். வெளியாருக்கு 40 ஆயிரத்தைத் தாண்டும். ஆனால் கிரீன் கார்டின் கடைசிக் கட்ட மனு போட்டிருந்தால் ஒழிய, எச்-4 பிள்ளை ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது. நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலையும் கிடையாது, கோடை இன்டர்ன்ஷிப்பும் கிடையாது. எஃப்-1க்கு மாறினால் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். படிப்பு முடிந்ததும் ஓபிடி எனும் வேலை அனுமதி 12 மாதம், அறிவியல் தொழில்நுட்பப் படிப்பானால் மேலும் 24 மாதம் உண்டு. அதற்கு விலையாக, பொதுவாக மாநிலக் கட்டணம் கைவிட்டுப் போகும். தாய்நாடு திரும்பும் எண்ணம் உண்டு என்றும் காட்ட வேண்டும். ஐந்து வயதில் வந்த பிள்ளைக்கு அதை எழுதுவது எளிதல்ல. நல்ல வழக்கறிஞர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

தலைப்பில் சொன்ன ஆயிரம் டாலர் இங்கேதான் வருகிறது. டெக்ஸஸ் கல்விச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. மாநில அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில், உள்ளூர் மாணவர்களோடு போட்டியிட்டு, குறைந்தது 1,000 டாலர் உதவித்தொகை வென்றால், வெளிமாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும்கூட மாநிலக் கட்டணத்தையே வாங்க அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி உண்டு. மொத்த மாணவர் எண்ணிக்கையில் 5 சதவீதம் வரைதான் இப்படித் தரலாம். எஃப்-1க்கு மாறிய பிள்ளைக்கு இந்த ஆயிரம், பெரிய பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு 20 ஆயிரத்துக்கு மேல் மிச்சப்படுத்தும், நான்கு ஆண்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோகோ கோலாவின் இருபதாயிரம் மொத்தமாகவே இருபதாயிரம்தான்.

குறையும் இருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் இதைத் தாராளமாகத் தருவதில்லை. ஆண்டுதோறும் உதவித்தொகை புதுப்பிக்கப்பட வேண்டும், மதிப்பெண் சரிந்தால் இரண்டும் சேர்ந்து போகும். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே பைனான்ஷியல் எய்ட் அலுவலகத்திடம் மூன்றைக் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்: இந்த உதவித்தொகையுடன் கட்டணச் சலுகை வருமா, நடுவில் விசா மாறினால் தொடருமா, எவ்வளவு ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) வேண்டும்? வாய்மொழிப் பதிலை நம்பி வீட்டை அடமானம் வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

சட்டமா, அறக்கட்டளையா?

ஆவணமில்லாத பிள்ளைகளுக்குப் போட்டி வேறு. 1982இல் உச்ச நீதிமன்றம் பிளைலர் வழக்கில் இவர்களுக்குப் பள்ளிக் கதவை அடைக்கக் கூடாது என்றது. அந்த வழக்கு பிறந்ததே டல்லஸுக்குக் கிழக்கே உள்ள டைலர் ஊரில்தான். ஆனால் பள்ளியோடு அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. டாகாவும் இப்போது உதவாது. 2007 ஜூன் 15இலிருந்து தொடர்ந்து இங்கே இருந்தவர்களுக்குத்தான் அது. இன்றைய பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அன்றைக்குப் பிறக்கவே இல்லை, அல்லது இங்கே வந்திருக்கவில்லை.

2001இல் டெக்ஸஸும் கலிபோர்னியாவும் இவர்களுக்கு மாநிலக் கட்டணம் தரும் சட்டங்களைக் கொண்டுவந்தன. டெக்ஸஸ் முந்திக்கொண்டது, கையெழுத்திட்டவர் ஆளுநர் ரிக் பெர்ரி. டெக்ஸஸ் மூன்று ஆண்டு மாநிலத்தில் குடியிருந்ததைக் கேட்டது, கலிபோர்னியா மூன்று ஆண்டு உள்ளூர்ப் பள்ளிப் படிப்பைக் கேட்டது. சட்டத்தை எழுதிய விதமும் வேறு. மாநிலத்தில் குடியிருப்பதை வைத்து ஆவணமில்லாதவர்களுக்கு ஒரு சலுகை தந்தால், அதை வெளிமாநிலக் குடிமக்களுக்கும் தர வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். டெக்ஸஸ் பிள்ளைகளைக் குடியிருப்போர் என்றே வகைப்படுத்தியது. கலிபோர்னியா, இங்கே பள்ளி படித்த எவருக்கும் வெளிமாநிலக் கட்டண விலக்கு என்று எழுதியது. அதனால் கலிபோர்னியாவின் சட்டம் 2010இல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் நின்றது. டெக்ஸஸ் சட்டம் 2025 ஜூன் 4 அன்று, மத்திய நீதித்துறை வழக்குப் போட்டு, மாநிலமே ஒப்புக்கொண்டு, ஒரே நாளில் போனது. 24 ஆண்டு நின்ற சட்டம். புளோரிடா 2014இல் தந்ததை 2025 ஜூலை 1இல் தானே நிறுத்தியது.

இதன் எதிர்த்தட்டில் இருப்பது தி ட்ரீம் டாட் யுஎஸ், 2014இல் தொடங்கிய தனியார் நிதி. பதினாறு வயதுக்குள் வந்திருக்க வேண்டும், பள்ளியில் 2.5 ஜிபிஏ வேண்டும், பங்காளிக் கல்லூரியில் சேர வேண்டும். இளங்கலைக்கு 33,000 டாலர் வரை தருகிறார்கள். மாநிலச் சட்டம் கைவிட்ட இடங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தனித் திட்டமும் உண்டு. கனெக்டிகட்டின் ஈஸ்டர்ன் கனெக்டிகட், டெலாவேர் ஸ்டேட் போன்ற சில கல்லூரிகளில் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஏற்கிறார்கள். பதினெட்டு வயதில் வீட்டைவிட்டு ஆயிரத்தைந்நூறு மைல் போக வேண்டும், பெற்றோர் பயத்தால் விமானம் ஏறி வந்து பார்க்கவும் மாட்டார்கள்.

பணத்தின் அளவில் சட்டத்தோடு எந்த அறக்கட்டளையும் போட்டியிட முடியாது. கலிபோர்னியாவில் 2025இல் பல்கலைக்கழகம் சேர்ந்த வெளிமாநில மாணவர் கட்டும் கூடுதல் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 37,602 டாலர். சட்டம் அதைத் தகுதியுள்ள அத்தனை பேருக்கும் நீக்குகிறது. அறக்கட்டளை தேர்ந்தெடுத்த சிலருக்குத்தான். ஆனால் நிலைத்திருப்பதில் இன்று அறக்கட்டளைதான் மேல் என்று சொல்ல வேண்டியிருக்கிறது, அதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. டெக்ஸஸில் ஆவணமில்லாத பிள்ளைக்கு நான் இன்று சொல்வது ட்ரீம் டாட் யுஎஸ் முதலில், குவெஸ்ட்பிரிட்ஜ் கூடவே. கலிபோர்னியாவில் சட்டம்தான் முதலில்.

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்கள் எந்த நாட்டவர் என்று பாராமல் சேர்த்து, தேவைக்கேற்ப உதவுகின்றன. கிடைத்தால் எல்லாக் கவலையும் தீரும். கிடைப்பது அரிது என்பதை எல்லோரும் அறிவோம். மேல்படிப்புக்குப் பால் அண்ட் டெய்சி சோரோஸ் ஃபெலோஷிப் இருக்கிறது. ஆண்டுக்கு 30 பேர், இரண்டு ஆண்டுக்கு 90,000 டாலர் வரை. முப்பது வயதுவரை நேரம் இருப்பதால் இப்போது அதைப் பற்றி நினைக்க வேண்டாம்.

அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணுக்குப் பெரிய பெயர் எதுவும் கிடைக்கவில்லை. டெக்ஸஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் துறை தந்த ஆயிரம் டாலருடன் சேர்ந்தாள். இருபது வயதில் எஃப்-1க்கு மாறினாள், கட்டணம் ஏறவில்லை. சென்ற கோடையில் முதல்முறையாகச் சம்பளத்துடன் இன்டர்ன்ஷிப் போனாள். சேரும் முன்பு அலுவலகத்திலிருந்து வாங்கிய மின்னஞ்சலை அவள் அம்மா அச்செடுத்து, பாஸ்போர்ட்டுகள் இருக்கும் கோப்பிலேயே வைத்திருக்கிறார்.