வாடிக்கையாளர் பதிவேட்டை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்: அழகு நிலையம் நடத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை

கோவை வடவள்ளியில் ஒன்பது ஆண்டுகளாகப் பெண்களுக்கான அழகு நிலையமும், அதனுடன் சேர்த்துச் சிறிய ஸ்பா ஒன்றும் நடத்தி வருகிறேன். சென்ற 2025 ஆடி மாதத்தில், மின்னஞ்சல் வழியாக விளம்பரம் செய்துதருவதாகச் சொல்லி வந்த ஒருவரிடம் 48,000 ரூபாயை இழந்தேன். பணம் போனது ஒரு பக்கம் இருக்க, பல ஆண்டுகளாக என்னிடம் வந்துகொண்டிருந்த பெண்கள் சிலருடைய நம்பிக்கையும் அத்துடன் போயிற்று. இதே தொழிலில் இருக்கும் மற்றவர்களுக்கு அது நேரக் கூடாது என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

ஆடியில் எங்கள் தொழில் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். முகூர்த்தம் இல்லாததால் மணப்பெண் அலங்காரம் இருக்காது. த்ரெட்டிங்கும் எப்போதாவது ஒரு ஃபேஷியலுமாக நாள் நகரும். பணியாளர்களின் சம்பளமும் கடை வாடகையும் மட்டும் குறையாமல் நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் அவர் வந்தார். எங்கள் பகுதியில் அழகுப் பராமரிப்பில் ஆர்வமுள்ள 25,000 பெண்களின் மின்னஞ்சல் முகவரிகள் தம்மிடம் இருப்பதாகவும், அவற்றை வயது, வருமானம், தோலின் தன்மை என்று வகை பிரித்து ஒவ்வொரு வகையினருக்கும் தனித்தனிக் கடிதம் அனுப்புவதாகவும் சொன்னார். எங்கள் பழைய வாடிக்கையாளர்களுக்கும் அதே முறையில் அனுப்பலாம் என்றார்.

வகை பிரித்து எழுதுவது என்ற எண்ணத்தில் தவறு இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆறு வாரங்களுக்கு முன் முடிக்குச் சாயம் பூசிக்கொண்டவருக்கு வேர்ப்பகுதியைச் சரிசெய்துகொள்ளும் நேரம் வந்துவிட்டது என்று நினைவூட்டுவதும், தையில் திருமணம் வைத்திருப்பவருக்கு ஐப்பசியிலேயே முகப் பராமரிப்பைத் தொடங்கச் சொல்வதும் அவர்களுக்கும் பயன்படும், எங்களுக்கும் பயன்படும். அவர்கள் தாமே விரும்பி முகவரி கொடுத்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அதற்கு அடிப்படை. அந்த 25,000 பேரில் ஒருவராவது எங்கள் கடிதத்தைக் கேட்டிருந்தாரா என்று நான் அவரிடம் விசாரிக்கவே இல்லை.

முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். ஒப்பந்தம் எதுவும் எழுதப்படவில்லை. வாட்ஸ்அப் செய்திகள் மட்டுமே இருந்தன. பிறகு, வாடிக்கையாளர் பதிவேட்டை எக்செல் கோப்பாகவும், எங்கள் டொமைன் (நிலையத்தின் பெயரிலுள்ள இணைய முகவரி) கணக்கின் கடவுச்சொல்லையும் கேட்டார். எங்கள் பெயரிலேயே கடிதம் போனால்தான் மக்கள் திறந்து பார்ப்பார்கள் என்று அதற்குக் காரணம் சொன்னார். இரண்டையும் கொடுத்தேன். அந்தக் கோப்பில் 1,400 பெண்களின் பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், பிறந்த நாள் ஆகியவற்றோடு, யாருக்கு மங்கு இருக்கிறது, யாருக்கு முடி உதிர்கிறது, யாருக்கு எந்தக் கிரீம் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்புகளும் இருந்தன.

ஒரு வியாழக்கிழமை இரவு அத்தனை கடிதங்களும் போயின. இரண்டு நாள் கழித்து, 62 சதவீதம் பேர் திறந்து பார்த்ததாக ஓர் அறிக்கை வந்தது. அந்தக் கடிதத்தில் இருந்த சலுகை எண்ணைச் சொல்லிக்கொண்டு ஆடி முடியும்வரை நிலையத்துக்கு வந்தவர்கள் இரண்டே பேர். கடிதத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு படம் ஒன்றை வைத்து, அது தரவிறக்கப்படும்போதெல்லாம் ஒருவர் திறந்ததாகக் கணக்கிடுவார்கள் என்பதைப் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கி வைத்திருப்பவர்களுக்கு, அவர்கள் கடிதத்தைத் தொடாவிட்டாலும் அந்தப் படம் தானாகவே தரவிறக்கப்படுகிறது. அலுவலகங்களின் பாதுகாப்பு வடிகட்டிகளும் அப்படிச் செய்வதுண்டு. ஆகவே திறந்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் காட்டிப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். எத்தனை பேர் முன்பதிவு செய்தார்கள் என்பதை உங்கள் மேசையிலேயே எண்ணிப் பாருங்கள்.

அடுத்த அடி ஆவணியில் விழுந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்து இங்கே திருமணம் நடத்தவிருந்த ஒரு குடும்பத்துக்கு மணப்பெண் அலங்காரத்துக்கான உறுதிக் கடிதத்தை அனுப்பியிருந்தேன். பதில் வராததால் அவர்கள் வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். என் கடிதம் அவர்களுடைய ஸ்பாம் பெட்டியில் கிடந்திருக்கிறது. சரவணம்பட்டியில் உள்ள ஒரு மென்பொருள் அலுவலகத்துக்கு அனுப்பிய விலைப்பட்டியலும் அதே கதிக்கு ஆளானது. ஒரு நாளைக்கு ஐந்து அல்லது ஆறு கடிதங்கள் மட்டுமே அனுப்பிவந்த எங்கள் டொமைனிலிருந்து ஒரே இரவில் 25,000 கடிதங்கள் போனதும், அவற்றில் ஏராளமானவை செத்த முகவரிகளுக்குப் போய்த் திரும்பியதும், பெற்றவர்கள் ஸ்பாம் என்று புகார் செய்ததும் சேர்ந்து எங்கள் பெயரையே கெடுத்துவிட்டன.

2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புபவர்கள் கடிதம் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று அடையாளச் சரிபார்ப்புகளையும் வைத்திருக்க வேண்டும் என்றும், விளம்பரக் கடிதத்திலிருந்து ஒரே சொடுக்கில் விலகிக்கொள்ள வழி தர வேண்டும் என்றும், ஸ்பாம் புகார்கள் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்றும் கூகுள் விதித்திருக்கிறது. ஆயிரம் பேரில் மூன்று பேர் புகார் செய்தாலே அந்த எல்லை வந்துவிடும். எங்கள் பெயரில் போன கடிதத்தில் விலகுவதற்கான இணைப்பே இல்லை. மெயில்சிம்ப் போன்ற பெரிய அனுப்பும் சேவைகள், விலைக்கு வாங்கிய பட்டியல்களுக்குக் கடிதம் அனுப்புவதைத் தங்கள் விதிகளிலேயே தடை செய்திருக்கின்றன. அதனால்தான் அந்த விளம்பரக்காரர், பெயர் தெரியாத ஏதோ ஒரு சர்வர் வழியாக அனுப்பியிருக்கிறார்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது புரட்டாசியில் நடந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், ஏழு ஆண்டுகளாக என்னிடம் வருபவர், கைபேசியை நீட்டி ஒரு கடிதத்தைக் காட்டினார். நான் கேள்விப்பட்டிராத ஒரு தோல் சிகிச்சை நிலையம், மங்கு மறைய 30 சதவீதத் தள்ளுபடி தருவதாக அவருடைய பெயரைச் சொல்லி எழுதியிருந்தது. அந்தப் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. எங்கள் பணிப்பெண் ஆண்டுகளுக்கு முன் பதிவேட்டில் தவறாகத் தட்டச்சு செய்த அதே எழுத்து. "ஏன் கண்ணு, உன்ற நாற்காலில உக்காந்து சொன்னது இவிங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்த மனிதரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, டேட்டா என்றால் நாலு பேர் கைக்குப் போகத்தான் செய்யும் என்றார். மறுநாளிலிருந்து அந்த எண் அணைக்கப்பட்டிருக்கிறது. சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். வழக்கறிஞரிடம் பேசியபோதுதான் இன்னொன்று தெரிந்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேறொருவரைக் கொண்டு வேலையைச் செய்தாலும், தரவைச் சேகரித்த நிறுவனமே அதற்குப் பொறுப்பு. போதிய பாதுகாப்பு இல்லாமல் தரவு வெளியேறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அச்சட்டம் இடம் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. நம் நாற்காலியில் அமர்ந்து ஒரு பெண் சொன்னது வெளியே போனால், அதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

1,400 பேருக்கும் நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, கைபேசி வழியாகத் தகவல் அனுப்பினேன். அந்த ஆசிரியையின் வீட்டுக்கு நேரில் சென்று வந்தேன். கடவுச்சொற்களையெல்லாம் மாற்றியாயிற்று. கூகுள் போஸ்ட்மாஸ்டர் என்ற இலவசக் கருவியில் எங்கள் டொமைனைச் சேர்த்து, இப்போது வாரந்தோறும் ஸ்பாம் புகார்களின் நிலையைப் பார்த்து வருகிறேன். சம்மதம் எழுதிக் கொடுத்த 212 பேருக்கு மட்டும் மாதம் ஒரு கடிதம் போகிறது. தோல் பற்றிய குறிப்புகள் இனிக் கணினியில் ஏறாது; அவை என் அலமாரியில் உள்ள நோட்டில் மட்டும் இருக்கும்.

அந்த விளம்பரக்காரர் வேறொரு நிறுவனப் பெயரில் மீண்டும் சுற்றி வருவதாகச் சாய்பாபா காலனியில் அழகு நிலையம் வைத்திருக்கும் தோழி ஒருவர் சென்ற வாரம் சொன்னார். ஆயிரக்கணக்கான பெண்களின் பட்டியல் கையில் இருப்பதாகச் சொல்லி, ஒப்பந்தமும் ஜிஎஸ்டி எண்ணும் இல்லாமல், உங்கள் பதிவேட்டையும் டொமைன் கடவுச்சொல்லையும் ஒருவர் சேர்த்துக் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏற்கனவே கொடுத்துவிட்டவர்கள் இன்றே கடவுச்சொல்லை மாற்றிவிட்டு எனக்குத் தெரிவியுங்கள். புகார்களை ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தால் விசாரணைக்கு உதவும்.