ஃபைபர் போட முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்: மடிப்பாக்கத்தில் எங்களுக்கு நடந்தது

சென்னையில் ஃபைபர் இன்டர்நெட் இன்னும் எட்டிப் பார்க்காத தெருக்களில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெருமுனையில் குடை போட்டு, கம்பெனி டி-ஷர்ட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் உட்கார்ந்து, "ஒரே வாரத்துல லைன் வந்துடும்" என்று சொல்லி முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கம்பெனியிடமிருந்து நேராக உங்கள் செல்போனுக்கு விண்ணப்ப எண் வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கை மாற வேண்டாம். எங்கள் குடியிருப்பில் உள்ள எட்டு வீடுகளில் ஆறு வீட்டார் பணம் கட்டினோம். ஃபைபர் இன்றுவரை வரவில்லை. பணம் சிலருக்குத் திரும்பியது, சிலருக்கு இன்னும் இல்லை.

நாங்கள் இருப்பது மடிப்பாக்கத்தில், பிரதான சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளிய ஒரு குறுக்குத் தெரு. 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி இது. அதன்பிறகு பாதாளச் சாக்கடைக்கு ஒரு தரம், குடிநீர்க் குழாய்க்கு ஒரு தரம் என்று தெருவைத் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதில் பழைய டெலிபோன் செம்புக் கம்பி அறுந்து, லேண்ட்லைனோடு அதில் வந்த இன்டர்நெட்டும் போய்விட்டது. அறுந்ததைச் சரிசெய்ய யாரும் வரவில்லை. பிரதான சாலையில் இருக்கும் வீடுகளுக்கு ஃபைபர் வந்து சில வருடங்கள் ஆகின்றன. உள்தெருக்களுக்கு "சீக்கிரம் வரும்" என்ற பதில்தான். சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்துவிட்டார்கள். கடலுக்கு அடியில் அவ்வளவு தூரம் போகிற கேபிள், பிரதான சாலையிலிருந்து எங்கள் தெருவுக்கு வர முடியவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நான் வீட்டிலிருந்தே மெடிக்கல் பில்லிங் வேலை செய்கிறேன். செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பித்தான் வேலை. மாலையில் டவரில் நெரிசல் ஏறினால் சாஃப்ட்வேர் பாதியில் நின்றுவிடும், அந்த வேலையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். மேல் மாடியில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். மகள் கனடாவில். அவர்கள் கேட்டதெல்லாம் பேரனை வீடியோவில் நிற்காமல் பார்க்க ஒரு லைன். இப்படி ஆளுக்கொரு தேவையோடு காத்திருக்கும் தெருக்களைத் தேர்ந்தெடுத்துத்தான் இந்த ஆட்கள் குடை போடுகிறார்கள் என்று இப்போது எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

குடை போட்டு உட்கார்ந்திருந்தவர் மரியாதையாகப் பேசினார். "மேடம், உங்க தெருவுக்கு ஸ்ப்ளிட்டர் பாக்ஸ் சாங்ஷன் ஆயிடுச்சு. முதல்ல பணம் கட்டறவங்களுக்குத்தான் போர்ட். எட்டு போர்ட்தான் இருக்கு" என்றார். ஸ்ப்ளிட்டர் என்பது ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் பெட்டி, போர்ட் என்பது அதில் ஒரு வீட்டுக்கான துளை. நிறுவும் கட்டணம், ஆறு மாதச் சந்தா, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று கணக்குப் போட்டு, வீட்டுக்கு ஆறாயிரத்துச் சொச்சம் வாங்கினார். யுபிஐயில் அனுப்பும்போது கம்பெனி பெயர் வரவில்லை, ஒரு தனிநபர் பெயர் வந்தது. கேட்டதற்கு, "அது டீலர் அக்கவுண்ட் மேடம், கம்பெனிக்கு நாங்கதான் கட்டுவோம்" என்றார். சீல் வைத்த ரசீதும் கொடுத்தார். ரசீதில் ஜிஎஸ்டி தொகை தனியாக எழுதியிருந்தது, ஆனால் ஜிஎஸ்டி பதிவு எண் எங்கும் இல்லை. ஆதார் நகலும் போட்டோவும் வாங்கிக்கொண்டு போனார்.

அப்புறம் ஆரம்பித்தது சாக்குகள். முதலில் ரோடு வெட்ட மாநகராட்சி அனுமதி வரவில்லை என்றார். பிறகு மழைக்காலம் என்றார். பிறகு ஸ்ப்ளிட்டரில் போர்ட் இல்லை, மேலே கேட்டிருக்கிறோம் என்றார். இதில் மழைக்காலச் சாக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பாதி உண்மை. வடகிழக்குப் பருவமழை சமயத்தில் சாலை வெட்ட அனுமதி தருவதை மாநகராட்சி ஒவ்வோர் ஆண்டும் நிறுத்திவைக்கிறது. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தே செப்டம்பர் மாதக் கடைசியில் பணம் வாங்கிவிட்டு, அக்டோபரில் மழையைக் காட்டுவது ஏமாற்று. அது மட்டுமில்லை. எங்கள் பக்கம் வீடுகளுக்கு வரும் கேபிள் பெரும்பாலும் தெருவிளக்குக் கம்பம், மொட்டை மாடி என்று மேலேயேதான் போகிறது. அதற்கு ரோடு வெட்டவே வேண்டாம். அனுமதி எதுவானாலும் வாங்க வேண்டியது கம்பெனி. அந்தத் தாமதத்துக்கான செலவை வீட்டுக்காரர் தலையில் கட்டக் கூடாது.

நாங்கள் ஆறு வீட்டாரும் சேர்ந்து பணத்தைத் திருப்பிக் கேட்ட பிறகுதான் ஒரு பையன் ஏணியோடு வந்தான். பக்கத்துக் கட்டிடத்தின் மொட்டை மாடியிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கேபிளை இழுத்து, ஒவ்வொரு வீட்டு ஜன்னல் வழியாகவும் விட்டு, ரூட்டரில் செருகினான். "ஃபைபர் வந்துடுச்சு ஆன்ட்டி" என்றான். நெட்டும் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் வந்தது ஃபைபர் இல்லை. லேன் கேபிள். இந்த இடத்தைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் சென்னையில் ஃபைபர் என்று நம்பிக் காசு கட்டிக்கொண்டிருக்கும் பல வீடுகளில் இதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

உண்மையான ஃபைபரில் கண்ணாடி இழைதான் உங்கள் வீட்டுச் சுவர்வரை வரும். வெளியில் மெல்லிய கறுப்பு வயர் போல இருக்கும். கடைசியில் பச்சை அல்லது நீல நிறத்தில் சதுரமான பிளாஸ்டிக் முனை. அது ஓஎன்டி என்கிற பெட்டியில் போய்ச் சேரும். அந்தப் பெட்டியில் பான் (PON) என்று ஒரு விளக்கு பச்சையாக எரியும். லைன் அறுந்தால் லாஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாகச் சிமிட்டும். லேன் கேபிளின் முனையோ கண்ணாடி போன்ற தெளிவான பிளாஸ்டிக். உள்ளே எட்டுச் சின்னச் செம்புக் கம்பிகள் தெரியும், கிளிக் என்று மாட்டும். எங்கள் வீட்டுக்கு வந்தது இந்த இரண்டாவது வகை. பக்கத்துக் கட்டிடத்தில் ஒரே ஒரு ஃபைபர் இணைப்பு எடுத்து, மாடியில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச் (ஒரு இணைப்பைப் பல கம்பிகளுக்குப் பிரிக்கும், கரன்டில் ஓடும் பெட்டி) வைத்து, அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் கம்பி இழுத்திருந்தார்கள்.

இதனால் என்ன என்று கேட்பீர்கள். எங்களுக்கு ஆனதைச் சொல்கிறேன். கம்பெனிக்காரர்கள் போடும் ஃபைபரில் நடுவில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரன்ட் தேவையில்லை. அது வெளிச்சத்தைப் பிரித்துக் கொடுக்கிற சாதாரணப் பெட்டி. உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் தெருவே இருட்டாக இருந்தாலும் நெட் வரும். எங்களுக்கோ, பக்கத்துக் கட்டிடத்தில் ஃபேஸ் போனால் எங்கள் நெட்டும் போய்விடும். பகலில் வேகம் பரவாயில்லை. மாலை ஏழு மணிக்கு எல்லோரும் வீட்டுக்கு வந்ததும் ஒரே இணைப்பு அத்தனை வீட்டுக்கும் பங்காகிவிடும். ஒரு நாள் சோதித்துப் பார்த்தால் 2 எம்பிபிஎஸ்கூட இல்லை. 2023 ஜனவரியில் மத்திய அரசு வகுத்த வரையறைப்படி 2 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே இருந்தால் அது பிராட்பேண்டே இல்லை. நாங்கள் காசு கட்டியது 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு. கடைசியாக ஒரு மழை ராத்திரி இடி விழுந்து, மாடியில் இருந்த சுவிட்சும் மூன்று வீட்டு ரூட்டர்களும் சேர்ந்து கருகின. செம்புக் கம்பி மின்சாரத்தைக் கடத்தும், கண்ணாடி இழை கடத்தாது. வீடு வரை ஃபைபர் வந்திருந்தால் அந்தக் கம்பி வழியாக ரூட்டர்கள் போயிருக்காது.

அதோடு அந்த ஆள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு நானே அழைத்தேன். என் செல்போன் எண்ணைச் சொன்னேன். "இந்த நம்பர்ல எங்க கிட்ட எந்த அப்ளிகேஷனும் இல்லைங்க" என்றார்கள். மற்ற ஐந்து வீட்டு எண்களையும் கொடுத்தோம். எதுவும் இல்லை. எங்கள் பணம் கம்பெனிக்குப் போகவே இல்லை. மாடியில் இருந்த இணைப்பு வேறு யாரோ ஒருவர் பெயரில் இருந்தது. அதாவது இத்தனை நாள் முன்பின் தெரியாத ஒருவருடைய இணைப்பில் நாங்கள் எங்கள் வங்கி வேலை, அலுவலக வேலை எல்லாம் செய்திருக்கிறோம். அந்த இணைப்பில் யாராவது தவறான காரியம் செய்திருந்தால் விசாரணை எந்த வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பலர் கேட்பது: "ஆப்ல பின்கோடு போட்டா சர்வீஸ் இருக்குன்னு காட்டுதே?" எங்களுக்கும் 600091 போட்டால் இருக்கிறது என்றுதான் வந்தது. பின்கோடு என்பது ஒரு பெரிய வட்டாரம். அதில் ஏதோ ஒரு தெருவில் இருந்தாலே ஆப் இருக்கிறது என்று காட்டிவிடும். உங்கள் வீட்டுக்கு வருமா என்பது, பக்கத்து ஸ்ப்ளிட்டர் பெட்டி எவ்வளவு தூரம், அதில் காலி போர்ட் இருக்கிறதா என்ற இரண்டையும் பொறுத்தது. கம்பெனியின் ஆள் நேரில் வந்து பார்த்து, சாத்தியம் என்று பதிவு செய்த பிறகுதான் அது உறுதி. அதுவரை "சாங்ஷன் ஆயிடுச்சு" என்பது வெறும் வாய்வார்த்தை.

ஆகவே கம்பெனியின் ஆப்பிலோ இணையதளத்திலோ நீங்களே பதிவு செய்யுங்கள். குடைக்காரர் மூலமாகத்தான் என்றால், உங்கள் போனுக்குக் கம்பெனியிலிருந்து விண்ணப்ப எண்ணோடு எஸ்எம்எஸ் வந்ததும் அந்த எண்ணை வாடிக்கையாளர் சேவையில் சொல்லிச் சரிபாருங்கள். பணத்தைக் கம்பெனியின் பேமென்ட் லிங்க்கில் மட்டும் கட்டுங்கள். உள்ளூர் கேபிள்காரர் தருகிற இணைப்பு என்றால் அவர் எந்த உரிமம் பெற்ற நிறுவனத்தின் சார்பில் தருகிறார் என்று கேளுங்கள். உரிமம் பெற்ற இன்டர்நெட் நிறுவனங்களின் பட்டியல் தொலைத்தொடர்புத் துறை இணையதளத்தில் இருக்கிறது. நேர்மையாகத் தொழில் செய்யும் கேபிள்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். ஆதார் நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகலைக் கொடுங்கள், மேலே தேதியும் எதற்காக என்பதும் எழுதுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். நாங்கள் எல்லோரும் பார்த்துவிட்டோம், நல்லவேளை புதிதாக எதுவும் இல்லை.

பணம் போயிருந்தால் முதலில் 1930-க்கு அழையுங்கள். இணையவழிப் பண மோசடிக்கான எண் அது, சீக்கிரம் சொல்லச் சொல்ல நல்லது. காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். எங்களில் இரண்டு வீட்டாருக்குப் பணம் திரும்பியது அந்த ரசீதுக்குப் பிறகுதான். கம்பெனியிலும் புகார் பதிவு செய்து புகார் எண் வாங்குங்கள். அங்கே தீர்வு இல்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய்க்கு எழுதி நேரம் கழிக்க வேண்டாம், தனிநபர் புகார்களை அவர்கள் விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைபேசி, இன்டர்நெட் வழக்குகளை நுகர்வோர் ஆணையம் எடுக்காது என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். எடுக்கும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கட்டிய தொகை 5 லட்சம்வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

மேல் மாடித் தலைமை ஆசிரியருக்கு இன்னும் பணம் வரவில்லை. "விடும்மா, பெரிய தொகையா" என்கிறார். விட முடியாது என்று சொல்லிவிட்டேன். பாக்கி உள்ள நான்கு வீட்டாரும் சேர்ந்து நுகர்வோர் ஆணையத்தில் போடப் போகிறோம். மடிப்பாக்கம், புழுதிவாக்கம், கீழ்க்கட்டளைப் பக்கம் இதே போல் குடை போட்டவரிடம் பணம் கட்டியவர்கள் இருந்தால் ரசீது, யுபிஐ ஸ்கிரீன்ஷாட், சுவரில் வந்திருக்கும் கேபிள் முனையின் போட்டோ மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் அனுப்புங்கள். மனுவை எழுதிக்கொண்டிருக்கிறோம், சேர்த்துக்கொள்ளலாம்.