சைக்கிள் பயணத்தில் ஃபில்டர் காபி: சில வருட அனுபவம்

சைக்கிளில் கூடாரத்தோடு சுற்றுகிறவர்களிடம் காபிக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், பாதிப்பேர் ஏரோபிரஸ் என்பார்கள். என்னிடமும் இருக்கிறது. ஆலன் ஆட்லர் 2005-இல் கொண்டுவந்த, கையால் அழுத்திக் காபி இறக்கும் அந்த பிளாஸ்டிக் குழாய் உடையாது, ஓரிரு நிமிடத்தில் காபி தரும், கழுவுவதும் சுலபம். பால் இல்லாமல் குடிப்பவர்கள் யோசிக்காமல் அதையே வாங்கலாம். எனக்குப் பால் காபிதான் வேண்டும். அதற்கேற்ற கெட்டி டிகாஷன் அதில் எனக்கு வரவில்லை. அதனால் இப்போது என் பையில் நிரந்தரமாக இருப்பது இரண்டு பேருக்கான எவர்சில்வர் ஃபில்டர்.

சொட்டுச் சொட்டாக இறங்க அரைமணி ஆகுமே என்பார்கள். ஆகட்டும். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பொடி போட்டு வெந்நீர் ஊற்றி மூடிவிட்டுப் படுத்தால், நாம் தூங்கும்போது அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். காலையில் பாலைச் சூடாக்கினால் போதும், கேஸ் மிச்சம். குளிரில் இது பெரிய விஷயம். கேனிஸ்டரில் இருக்கும் சாதாரண பியூட்டேன் கேஸ் 0 டிகிரியை நெருங்கும்போதே சோர்ந்துவிடும். ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் விடியற்காலையில் அடுப்பு முனகத்தான் செய்யும்.

அதே ஊட்டியில், 2,240 மீட்டர் உயரத்தில், தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேகத்தான் தாமதமாகும். காபிக்கு அந்தச் சூடு தாராளம்.

பொடியில் காபி 80, சிக்கரி 20 என்ற கலவை எனக்குச் சரியாக வருகிறது. சிக்கரி தண்ணீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடும், டிகாஷனும் கெட்டியாக இறங்கும். சிக்கரியே ஆகாது என்கிறவர்கள் கொஞ்சம் நைசாக அரைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தொல்லைகளும் உண்டு. குளிரில் மேல் பாத்திரமும் கீழ்ப் பாத்திரமும் இறுகிக்கொள்ளும். கீழ்ப் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தை மட்டும் லேசாகச் சூடு காட்டினால் விட்டுவிடும். ஓட்டைகள் அடைத்தால் மேல் பாத்திரத்தை வீட்டு அடுப்புத் தணலில் காட்டித் தட்டுவேன். கல் ரோட்டில் கடகடவென்று சத்தம் போடும், அதற்குப் பொடிப் பாக்கெட்டை உள்ளேயே திணித்துவிட்டேன்.

பால்தான் கடைசிவரை தலைவலி. 200 மி.லி. டெட்ரா பேக் ஒரு ஆளுக்கு அளவானது, கெடாது. பால் பவுடர் என்றால் முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கட்டி கட்டியாக மிதக்கும். ருசி சுமார்தான்.

ரயிலில் கேஸ் கேனிஸ்டர் கொண்டுபோக அனுமதி இல்லை. அப்படிப் போகும் பயணங்களில் அடுப்பே எடுப்பதில்லை. தங்குமிடத்தில் வெந்நீர் வாங்கி ராத்திரியே டிகாஷன் போட்டு, காலையில் சின்ன எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன். சமவெளி வெயிலில் மதியத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வழியில் டீக்கடையில் "அண்ணே, சர்க்கரை இல்லாம ஒரு பால்" என்றால் பொங்கப் பொங்க வரும், டிகாஷனைக் கலந்துகொள்ள வேண்டியதுதான். மாஸ்டர் ஒரு மாதிரி பார்ப்பார். காபிக்கு உள்ள காசையே வாங்கிக்கொள்வார், அதுவும் நியாயம்தான்.