கடைசி அலசலில் எதைச் சேர்ப்பது: கண்டிஷனரா, வினிகரா?

போர்வெல் தண்ணீரில் துவைத்த துணி காய்ந்ததும் மொரமொரவென்று விறைத்துக்கொள்ளும். நீரிலுள்ள கால்சியமும் அலசலில் போகாத சோப்பும் நூலில் படிவதுதான் காரணம்.

கண்டிஷனர் அந்தப் படிவை நீக்காது. நூலின்மேல் மெல்லிய கொழுப்புப் பூச்சாக ஒட்டி வழுவழுப்பாக்கும். பருத்திச் சட்டை, புடவைக்கு நல்லது. சிந்தெடிக் துணி உடம்பில் ஒட்டுவதும் குறையும். துண்டுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம், போகப்போக ஈரம் உறிஞ்சாது. மைக்ரோஃபைபர், விளையாட்டு உடைகளுக்கும் அப்படியே. சோப்புத்தூளோடு சேர்த்து ஊற்றினால் இரண்டும் ஒன்றையொன்று முடக்கி, துணியில் பிசுக்குத் திட்டாகப் படியும். மெஷினில் பூப் படம் போட்ட அறையில், கோட்டுக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். கையால் துவைத்தால் கடைசி அலசல் வாளியில் ஒரு மூடி கரைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, மறுபடி அலசாமல் பிழியுங்கள். துணிமேல் நேரடியாக ஊற்றினால் கறை விழும்.

5 சதவீத வெள்ளை வினிகரோ படிவையே கரைக்கும். 6 கிலோ மெஷினுக்கு 100 மில்லி போதும், அதே அறையில். மணம் தராது, காய்ந்ததும் புளிப்பு வாடையும் நிற்காது. ஒவ்வொரு துவைப்பிலும் ஊற்றினால் மெஷினின் ரப்பர் பாகங்கள் நாளடைவில் கெடலாம். பிளீச்சோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சுக் குளோரின் வாயு கிளம்பும்.