ஸ்டிக்கரை நம்பி வாங்கிய பிளெக்ஸ்பிளேட்

பழைய அமெரிக்க காருக்கு இன்ஜின் மாற்றும் எண்ணம் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். எனக்குப் போனது 38,000 ரூபாயும் இரண்டு மாதத் தூக்கமும். கால் தப்பியது.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு வண்டிக்கொட்டகையில் தாத்தா காலத்து 1955 செவர்லே ஒன்று வைக்கோல் போருக்குப் பின்னால் முப்பது வருடம் கிடந்தது. ஊரில் பாதிப் பேருக்கு மாப்பிள்ளை அழைப்பு அதில்தான் நடந்தது. பழைய ஆறு சிலிண்டர் இன்ஜின் துருவேறி இறுகிவிட்டதால், அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் மூலம் 1970களின் செவர்லே 350 வி8 (350 என்பது கன அங்குலத்தில் இன்ஜின் கொள்ளளவு) ஒன்றையும் மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியையும் வரவழைத்தேன். கேம், கார்புரேட்டர் எல்லாம் மாற்றி 400 குதிரைத்திறனுக்குக் கொண்டுவந்தோம். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடந்த கதையைச் சொன்னால் இந்தப் பதிவு முடியாது, விட்டுவிடுகிறேன்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் பிளைவீல் என்ற கனமான சுழல் சக்கரம் கிடையாது. இன்ஜினின் முதன்மைச் சுழல் தண்டான கிராங்கின் பின்முனையில் தோசைக்கல்லைவிட மெல்லிய ஓர் எஃகுத் தட்டுதான் இருக்கும். அதுதான் பிளெக்ஸ்பிளேட். இன்ஜினின் முறுக்குவிசை முழுவதும் அதன் வழியாகத்தான், விசையை எண்ணெய் மூலம் கியர் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குப் போகிறது. வந்த பொருள்களில் அது மட்டும் இல்லை. இணையத்தில் உதிரிபாகம் விற்கும் ஒருவரிடம் கேட்டேன். "350-க்கு அப்படியே பொருந்தும் சார், பந்தயத் தரம், எஸ்.எஃப்.ஐ. 29.1 முத்திரை இருக்கிறது" என்றார். எஸ்.எஃப்.ஐ. என்பது பந்தய உதிரிபாகங்களுக்குப் பாதுகாப்புத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பு; 29.1 பிளெக்ஸ்பிளேட்டுக்கான தரம்.

உண்மையாகவே அப்படியே பொருந்தியது. நான் ஏமாந்ததும் அங்கேதான். ஸ்டார்ட்டர் கடித்துச் சுழற்றும் ஓரத்துப் பற்களை எண்ணினேன், 168. என் ஸ்டார்ட்டருக்கு அதுதான் வேண்டும். 153 பல் உள்ள சிறிய தட்டும் உண்டு. கிராங்க் போல்ட் ஓட்டைகளும் ஒத்துப்போயின. கறுப்புப் பெயின்ட் பளபளத்தது. ஓரத்தில் ஓரிடம் மட்டும் சொரசொரப்பாக இருந்தது. பேலன்ஸ் செய்தபோது தேய்த்திருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் நாளிலிருந்தே வண்டியில் ஒரு நடுக்கம் இருந்தது. பழைய உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். கல்லணை சாலையில் திருக்காட்டுப்பள்ளியைத் தாண்டும்போது டக் டக் என்று ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. கியர் போட்டுச் சுமை ஏறினால் அடங்கும். நியூட்ரலில் வைத்தால் மறுபடி தட்டும். கும்பகோணம் பட்டறையில், "கனெக்டிங் ராடு பேரிங் போய்விட்டது ஐயா, இன்ஜினை இறக்க வேண்டும்" என்றார்கள். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிப் பார்த்தால் பேரிங் எல்லாம் புதுசு போல இருக்கிறது. அதற்குக் கொடுத்த கூலி தனி.

கடைசியில் டிராக்டர் இன்ஜின் பார்க்கும் பெரியவர் ஒருவர் கியர்பாக்ஸுக்கு அடியில் இருக்கும் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். "தம்பி, இங்கே வந்து பார்" என்றார். கிராங்க் போல்ட்டுகளைச் சுற்றி, ஓட்டைக்கு ஓட்டை ஓடி, தட்டில் ஏறக்குறைய வட்டமாகவே விரிசல் விட்டிருந்தது. கழற்றி வெளியே எடுத்துப் பெயின்ட்டைச் சுரண்டியதும் சொரசொரப்புக்கு அர்த்தம் தெரிந்தது. பழைய வெல்டிங் தழும்பு. அதன்மேல் கிரைண்டர் கோடுகள்.

அது 350-இன் தட்டே அல்ல. செவர்லே 400 இன்ஜினுடையது. 400-இல் கிராங்கின் சமநிலைக்காகத் தட்டின் ஒரு பக்கத்தில் எடை ஒன்றை வெல்டு செய்திருப்பார்கள். 1985 வரை வந்த 350-க்கு அந்த எடை ஆகாது. 1986-க்குப் பிந்தைய 350-இன் தட்டாக இருந்தால் போல்ட் வட்டமே சிறியது; மாட்டவே முடியாது, பிழைத்திருப்பேன். 400-இன் தட்டோ சிரித்துக்கொண்டே ஏறிவிடும். அந்த எடையை அரைகுறையாக அறுத்துத் தள்ளி, பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி விற்றிருக்கிறார்கள்.

மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி 50 கிராம் மிச்சம் இருந்தது என்றே வையுங்கள். ஐடிலிங்கில், நிமிடத்துக்கு 800 சுற்றில், அது இழுப்பது 5 கிலோ அளவுக்கு. 5,500 சுற்றில் அதே 50 கிராம் சுமார் 250 கிலோவாக இழுக்கும், ஒவ்வொரு சுற்றிலும். ஏற்கெனவே ஓடித் தேய்ந்த தட்டு எத்தனை நாள் தாங்கும்? அது சிதறினால் துண்டுகளுக்கும் என் பாதத்துக்கும் இடையில் இருப்பது கியர்பாக்ஸின் அலுமினியக் கூடும் தரைத்தகடும் மட்டும். 1970 மார்ச்சில் டான் கார்லிட்ஸ் என்ற பந்தய ஓட்டுநர், டிரான்ஸ்மிஷன் வெடித்து வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். அதற்குப் பிறகுதான் இன்ஜினைத் தனக்குப் பின்னால் வைத்து வண்டி கட்டினார். அன்று இரவு அந்த நினைப்பிலேயே விழித்துக் கிடந்தேன்.

முத்திரை என்ற சொல்லை நம்பாதீர்கள். வாங்கும் முன் தயாரிப்பாளர் பெயரும் தேதியும் தெரியும்படி ஸ்டிக்கரின் படத்தைக் கேளுங்கள். என்னுடையதில் வெறும் எண் மட்டும் அச்சாகியிருந்தது. உங்கள் இன்ஜின் எந்த ஆண்டு, சமநிலை எடை உள்ளே கிராங்கிலேயே இருக்கிறதா, வெளியே தட்டிலும் வேண்டுமா என்பதைத் தெரிந்துகொண்டு விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். தட்டின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பல்வளையம் இரண்டு பக்கமும் வெல்டு செய்யப்பட்டிருந்தால் நல்லது. மாட்டும்போது, போல்ட் போடும் முன் கன்வெர்ட்டருக்கும் தட்டுக்கும் நடுவில் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அது இல்லாமல் இறுக்கினால் அசல் தட்டிலேயே விரிசல் விட்டுவிடும். இப்போது மைத்துனர் அனுப்பிய தட்டுடன் தட்டு சிதறினால் துண்டுகளைத் தடுக்கும் எஸ்.எஃப்.ஐ. 30.1 தரக் காப்புக் கவசமும் போட்டிருக்கிறேன். நடுக்கம் போய்விட்டது.

விற்றவரிடம் படங்களை அனுப்பினேன். "நீங்கள் தவறாக மாட்டியிருக்கிறீர்கள்" என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. அதே கறுப்புத் தட்டின் படத்துடன் விளம்பரம் இன்னும் இருக்கிறது. விலையில் இரண்டாயிரம் குறைத்திருக்கிறார்.